தறிக்குழியில் உட்கார்ந்து பாடியவர்: தக்கலை பீர் முகம்மது அப்பா

ரஜப் மாதத்துப் பிறை 14. தமிழ்நாட்டின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில், இரவானதும் ஆண்கள் ஒரு தர்காவில் வந்து கூடுகிறார்கள். வரிசையாக உட்காருகிறார்கள். பாட்டுத் தொடங்குகிறது. ஒரு பகுதியினர் பாட, மறுபகுதியினர் ஏந்திக்கொள்ள, விடியும்வரை அது நிற்பதில்லை. பாடப்படுவது ஒரே ஒரு நூல்: ஞானப்புகழ்ச்சி. அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. எழுதியவர் ஒரு நெசவாளி. வெளியூரிலிருந்து வந்து அந்த ஊரில் தறி போட்டவர். அவர் மறைந்து முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இந்த இரவைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது மருதமுனைதான். கல்முனைக்கு வடக்கே, கடலுக்கும் பெரிய வீதிக்கும் இடையில் நெருக்கியடித்துக் கிடக்கும் நெசவூர். வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்ட காலத்தை அங்குள்ள மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மருதமுனைச் சாரமும் சாறியும் இலங்கை முழுக்கப் போயின. நெசவும் இஸ்லாமும் தமிழும் ஒரே வீட்டுக்குள் இருப்பது எப்படி என்று இந்த ஊர்க்காரருக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்றையும் ஒரே ஆளாகச் சுமந்த பீர் முகம்மது அப்பாவை நமது இளம் தலைமுறை அறியுமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. நமது வீடுகளில் தகப்பன் வாப்பா. அப்பா என்பது அதற்கும் மேலே, ஊருக்கே மூத்தவருக்குக் கொடுக்கும் பெயர். மருதமுனையில் சின்ன ஆலிமப்பா என்று ஒரு புலவரைச் சொல்வார்களே, அதே அப்பாதான் இதுவும். தக்கலையிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இந்த வழக்கு உண்டு. நாமும் அவரை அப்படியே சொல்வோம்.

பீர் முகம்மது அப்பா பிறந்தது தென்காசியில். பிற்காலப் பாண்டியர்கள் ஆட்சி சுருங்கிச் சுருங்கி வந்து ஒதுங்கிய ஊர் அது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதர் கோயில் அதன் நடுவில் நிற்கிறது. பக்கத்தில் குற்றாலம். அருவியும் மூலிகையும் சித்தர்களும் என்று தமிழ் மனதில் பதிந்துபோன மலை. அதன் அடிவாரத்தில் தறி நெய்யும் குடும்பங்கள் இருந்தன, முஸ்லிம்களும் மற்றவர்களும். அப்பா அங்கே வளர்ந்தார். அவர் வாழ்ந்தது 17ஆம் நூற்றாண்டு என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுவது. பிறந்த ஆண்டையோ மறைந்த ஆண்டையோ அடித்துச் சொல்ல ஆவணம் கிடையாது. நெசவாளியின் பிறப்பை யார் ஏட்டில் எழுதி வைத்தார்கள்? அவருடைய வாழ்க்கையில் நமக்குக் கிடைப்பது ஊர்ப்பெயர்கள், பாடல்கள், சனங்களின் வாய்வழிக் கதைகள், அவ்வளவுதான்.

தென்காசியை விட்டு அவர் மேற்கே மலையேறினார். ஏன் போனார் என்பதற்குக் கதைகள் ஞானத்தேடலைக் காரணமாகச் சொல்கின்றன. இருக்கலாம். ஆனால் தொழிலாளி ஒருவர் ஊரைவிட்டுப் போவதற்கு ஒரே ஒரு காரணம் மட்டும் இருப்பது அரிது. நம்மவர்களில் கட்டாருக்கும் சவூதிக்கும் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே பயணத்துக்கு ஆளுக்கு ஆள் வெவ்வேறு காரணம் சொல்வார்கள், உம்மாவிடம் சொன்னது ஒன்று, நண்பனிடம் சொன்னது வேறொன்று.

மேற்குத் தொடர்ச்சி மலையில் அவர் நெடுங்காலம் தனித்திருந்து தியானம் செய்ததாக மரபு சொல்கிறது. இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கோட்டயத்திலிருந்து குமுளி போகும் பாதையில் பீர்மேடு என்றொரு ஊர் இருக்கிறது. அந்தப் பெயர் பீர் முகம்மது அப்பாவிலிருந்து வந்தது என்பதே அந்தப் பகுதியினர் சொல்வது. திருவிதாங்கூர் அரச குடும்பம் கோடைக்கு ஒதுங்கும் இடமாகப் பின்னாளில் அது ஆனது. அதற்கும் பிறகு வெள்ளைக்காரர்கள் தேயிலை நட்டார்கள். நமது மலையகத்துக்கு எந்தெந்த மாவட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டிவந்தார்களோ, ஏறக்குறைய அதே மாவட்டங்களிலிருந்து பீர்மேட்டுத் தோட்டங்களுக்கும் கூட்டிப்போனார்கள். ஒரு தமிழ் நெசவாளி தனியாக இருந்த மலையில் பிறகு ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிகள் லயன்களில் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மலையின் பெயர்க் காரணம் தெரிந்திருக்கும்?

மலையிலிருந்து இறங்கியவர் தென்காசிக்குத் திரும்பவில்லை. தெற்கே போய்த் தக்கலையில் தங்கிவிட்டார். அன்றைக்கு அது வேணாட்டு நாடு. பக்கத்திலிருந்த கல்குளத்தில் அரசரின் அரண்மனை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மா அந்தக் கல்குளத்துக்குத்தான் பத்மநாபபுரம் என்று பெயர் மாற்றினார். மலையாளமும் தமிழும் கலந்த எல்லை ஊர். 1956 நவம்பர் 1இல் மாநிலங்களைப் பிரித்தபோதுதான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்பு சேர்வதற்காகப் போராட்டம் நடந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. மொழியையும் எல்லையையும் வைத்து இரத்தம் சிந்துவது நமக்கு மட்டும் வாய்த்த விதி இல்லை.

தக்கலையில் அப்பா வாழ்ந்த பகுதிக்கு அஞ்சுவன்னம் என்று பெயர். கி.பி. 849இல் எழுதப்பட்ட கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு வருகிறது. கடல் கடந்து வந்த மேற்காசிய வணிகர்களின் குழு அது. அந்தப் பெயர் எப்படி ஒரு நெசவாளர் தெருவுக்கு வந்தது என்பது தனிக் கதை. வந்தேறிகள் என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்டவர்களின் பெயர் எண்ணூறு வருடத்தில் ஊரின் உட்பெயராக ஊறிப்போயிருந்தது என்பது மட்டும் இங்கே போதும். அந்தத் தெருவில் இன்னொரு வந்தவராக அப்பா தறியைப் போட்டார்.

அந்தத் தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகள் பலர் மின்தறியைத்தான் பார்த்திருப்பார்கள். அன்றைய தறி குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதன் விளிம்பில் நெசவாளி உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். குழிக்குள்ளிருந்து எழும் மண்ணின் ஈரம் நூல் வெடித்து அறாமல் காக்கும். பாவுக்குக் கஞ்சி போடுவது, வெயில் ஏறுமுன் தெருவில் நீட்டிக் காயவைப்பது, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவது, இவையெல்லாம் குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்யும் வேலை. கயிற்றை இழுத்தால் நாடா தானாகப் பறக்கும் ஏற்பாட்டை ஜோன் கே என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது 1733இல்தான். அப்பாவின் காலத்தில் ஒரு கையால் நாடாவை எறிந்து மறுகையால் பிடிக்க வேண்டும். வலமிருந்து இடம், இடமிருந்து வலம், ஒரு மிதி, ஒரு அடி. நாள் முழுக்க இதே தாளம். கையும் காலும் கண்ணும் வேலையில் கட்டுண்டு கிடக்கும். வாயும் மனமும் மட்டும் சும்மா இருக்கும்.

இதை எழுதும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. உலகத்தில் பாடிய நெசவாளிகள் ஏன் இத்தனை பேர்? காசியில் கபீர் நெய்தார், பாடினார். திருவள்ளுவரையே மயிலாப்பூரில் நெய்தவராகத்தான் நமது கதைகள் காட்டுகின்றன. அந்தத் தாளம் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். எழுத்தாணி பிடிக்க நேரமில்லாதவர்கள் முதலில் வாயில் வைத்துப் புழங்கி, பிறகு ஏட்டில் ஏற்றியிருப்பார்கள். அப்பாவின் நூல்களைப் பாருங்கள். ஞானப்பால், ஞானப்பூட்டு, ஞானத் திறவுகோல், ஞானக்குறம், ஞான ஆனந்தக் களிப்பு, ஞானமணிமாலை, மஃரிபத்து மாலை, பிஸ்மில் குறம், ஈடேற்ற மாலை. பூட்டும் திறவுகோலும் குறமும் களிப்பும் மாலையுமாக இவை கூட்டமாக இருந்து பாடவும் வேலைக்கு நடுவே முணுமுணுக்கவும் ஏற்ற வடிவங்கள். அரசவைப் புலவர்கள் அப்போது செய்துகொண்டிருந்த கடின யமகங்களும் சிலேடைகளும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் மொத்தம் பதினெண்ணாயிரம் பாடல்கள் பாடியதாக ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது. அந்த எண்ணை நான் பக்தியின் எண்ணாகவே எடுத்துக்கொள்கிறேன்.

குறவஞ்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலைக்குறத்தி வருவாள், கைபார்த்துக் குறி சொல்வாள், அவளைத் தேடிச் சிங்கன் வருவான், இருவரும் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்வார்கள். தமிழில் எல்லோருக்கும் பிடித்த கூத்து வடிவம் இது. பின்னாளில், 18ஆம் நூற்றாண்டில், தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சிதான் இதில் பெரும் புகழ் பெற்றது. அப்பாவும் ஒன்று எழுதினார்: ஞான ரத்தினக் குறவஞ்சி. சிங்கனும் சிங்கியும் அதே ஆட்கள்தான். ஆனால் அவர்கள் பேசிக்கொள்வது காலில் அணிந்த சிலம்பையும் தண்டையையும் பற்றி அல்ல. படைப்பு எப்படித் தொடங்கியது, உடலுக்குள் உயிர் எங்கே இருக்கிறது, இறைவனுக்கும் மனிதனுக்கும் நடுவில் திரையாக இருப்பது என்ன என்று கேட்டும் சொல்லியும் போகிறார்கள். சூஃபித் தத்துவத்தின் கடினமான பகுதிகளை, ஊரில் எல்லோரும் பார்த்துச் சிரித்த ஒரு கூத்துச் சோடியின் வாயில் போட்டுக் கொடுத்தார். மதரஸாவுக்குப் போக வழியில்லாதவருக்கும் இது எட்டியது.

அவருடைய தமிழ்தான் இன்றைக்கு நம்மை நின்று யோசிக்க வைப்பது. அலிபும் லாமும் மீமும் வருகின்ற பாட்டிலேயே நாதமும் விந்தும் வெளியும் வருகின்றன. பிஸ்மியின் எழுத்துக்களை வைத்து ஒரு குறம் பாடியவர், மூச்சுக் கணக்கைப் பற்றித் திருமெய்ஞ்ஞானச் சரநூல் என்ற ஒன்றையும் பாடினார். ஷரீஅத், தரீகத், ஹகீகத், மஃரிபத் என்ற நான்கு படிகளைச் சொல்லும்போது சித்தர்கள் புழங்கிய சொற்களைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார். சைவர்கள் படித்தாலும் பாதி சொந்த வீடு போலிருக்கும். இதைச் சிலர் மதக்கலப்பு என்று குறை சொல்வார்கள், வேறு சிலர் நல்லிணக்கம் என்று மாலை போடுவார்கள். இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். குற்றாலத்து மலையடிவாரத்தில் பிறந்த ஒருவருக்கு ஆன்மாவைப் பற்றிப் பேச இருந்த தமிழ் அதுதான். தாய்மொழியில் தன் மார்க்கத்தைச் சொன்னார், அந்த மொழியில் ஏற்கெனவே என்னென்ன இருந்ததோ அதெல்லாம் கூடவே வந்தது.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு ஒரு கதையே சாட்சி. அதே நூற்றாண்டில் கீழக்கரையில் சதக்கத்துல்லா அப்பா இருந்தார். 1703இல் மறைந்த பேரறிஞர். அரபியில் எழுதியவர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குச் செய்திகள் இவர் வழியாகவே கிடைத்தன. தக்கலையில் ஒரு நெசவாளி ஞானப்பாட்டுப் பாடுகிறார், ஆனால் ஜும்ஆவுக்குப் போவதில்லை என்ற பேச்சு அவர் காதுக்குப் போகிறது. விசாரித்துப் பார்க்கத் தானே புறப்பட்டு வருகிறார். வந்து பார்த்தால் ஆள் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார். கேள்வி கேட்கிறார். அப்பா வாதாடவில்லை. தறிக்குழியைக் காட்டி எட்டிப் பார்க்கச் சொல்கிறார். அங்கே கஃபா தெரிகிறது, தொழுகை நடப்பது தெரிகிறது. வந்தவர் மனம் மாறுகிறார், இருவரும் நண்பர்களாகிறார்கள்.

கதை பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. நடந்ததா என்று கேட்டு ஆவணம் தேட முடியாது. ஆனால் யார் இதைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பார்கள் என்று யோசித்தால் சுவையாக இருக்கிறது. ஜும்ஆவுக்குக் கூடத் தறியை விட்டு எழுந்து போக முடியாத நாள் ஒரு நெசவாளிக்கு வரும். பாவு காய்ந்துவிடும், பெருநாளுக்குள் துணி கொடுக்க வேண்டும், கடன்காரன் வாசலில் நிற்பான். அந்தக் குற்றவுணர்வு ஒரு தெரு முழுக்க இருந்திருக்கும். அந்தத் தெரு தன் ஆளைப் பெரிய ஆலிமுக்கு முன்னால் நிறுத்தி, அவர் உட்கார்ந்திருந்த குழியிலேயே கஃபாவைக் கொண்டுவந்தது. ஆலிமையும் அது அவமதிக்கவில்லை. அவர் தேடி வந்தார், குனிந்து பார்த்தார், உண்மை தெரிந்ததும் ஒத்துக்கொண்டார் என்று அவருக்கும் ஒரு நல்ல இடம் கொடுத்தது. இந்த இரண்டாவது பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் நமது கரையில் இந்தக் கதை வேறுமாதிரி முடிந்திருக்கிறது. சூஃபி வழியினருக்கும் அவர்களை மறுப்பவர்களுக்கும் இடையிலான சண்டையில் காத்தான்குடியில் வீடுகள் எரிந்தன. 2006இல் அடக்கம் செய்யப்பட்ட ஒருவரின் உடலைக்கூட விட்டுவைக்கவில்லை. 2017 மார்ச்சில் அதே ஊரில் வாளோடு மோதினார்கள். அந்த மோதலில் தலைமறைவானவன் 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் என்ன செய்தான் என்பது உலகத்துக்கே தெரியும். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குழந்தைகளோடு வெடித்துச் சிதறினார்கள். அதற்குப் பிறகு, அந்த வன்முறைக்கு முதல் பலியாக இருந்த ஊர்களே முழு நாட்டின் சந்தேகத்துக்கும் ஆளாயின. பீர் அப்பாவின் பாடல்களைப் போன்றவற்றை றபான் அடித்துப் பாடிக்கொண்டு நமது தெருக்களில் ஒரு காலத்தில் வந்த பக்கீர் பாவாக்களை இப்போது காண்பது அரிது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்றம் மட்டும் வருடா வருடம் நடக்கிறது. அதையும் வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தக்கலையையும் வானத்தில் தூக்கி வைக்க வேண்டாம். அங்கே பிறந்த கவிஞர் எச்.ஜி.ரசூல், பீர் முகம்மது அப்பாவைத் தன் கவிதைக்கு முன்னோராகக் கொண்டாடியவர், அவரைப் பற்றி நிறைய எழுதியவர். 2007இல் எழுதிய ஒரு கட்டுரைக்காக அவர் ஊர்விலக்குச் செய்யப்பட்டார். நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2017இல் காலமானார். ஒரு நெசவாளிக் கவிஞருக்காக விடிய விடிய விழித்திருக்கும் ஊர், இன்னொரு கவிஞருக்குக் கதவைச் சாத்தியது. மறைந்தவர்களைக் கொண்டாடுவது எப்போதுமே சுலபம்.

அப்பா தறி நெய்த நூற்றாண்டில் நமது கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் சொல்வது. அதற்கு முன்பே இங்கு முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆனாலும் நமது ஊர்களின் பரம்பரையில் ஒரு பகுதி அன்றைய அகதிகள். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் தென்காசிக்காரர் ஒருவர் கடலுக்கு அப்பால் தக்கலையில் வாடகை வீட்டுக்காரர் போல வந்து சேர்ந்தார். வந்தவர்கள் வயலையும் கடலையும் தறியையும் பிடித்துக்கொண்டு வேரூன்றினார்கள், இங்கும் அங்கும்.

பிறகு அந்த வேர் எத்தனை தரம் ஆட்டப்பட்டது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் கையில் கிடைத்ததோடு வெளியேற்றப்பட்டார்கள். கொன்றவர்களும் செத்தவர்களும் விரட்டப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரே மொழியில் அழுதார்கள். கல்முனையில் ஒரு பிரதேச செயலகத்தை இரண்டாக்குவதா வேண்டாமா என்று இன்றும் இழுபறி. இரண்டு பக்கத்து மனுக்களும் தமிழில்தான் எழுதப்படுகின்றன.

தறியின் கதை தனி. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது மருதமுனையின் கைத்தறி செழித்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, மலிவான வெளிநாட்டுப் புடவை வந்து குவிந்தது, தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. யுத்தம், புடவை மூட்டையோடு ஊர் ஊராகப் போன வியாபாரிகளின் பாதையை அடைத்தது. மிச்சமிருந்ததில் பெரும்பங்கை 2004 டிசம்பர் 26 கொண்டுபோனது. அலை போன பிறகு மணலுக்குள் கிடந்த தறிச்சட்டங்களையும் சிக்கலாகச் சுருண்ட நூலையும் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். கடலோரத்தில் தறியும் வீடும் ஒன்றாக இருந்தவர்களுக்கு வீடு ஒருபக்கம், தறி இல்லை என்றாயிற்று. வீட்டுத்திட்டத்தில் கொடுத்த அறைகளில் தறி போட இடமேது? பிறகு சிலர் தறியைத் திரும்பப் போட்டார்கள். இன்றும் மருதமுனைச் சாரம் வருகிறது, முன்பைவிடக் குறைவாக. நெசவாளிகளின் பிள்ளைகள் மத்திய கிழக்குக்குப் போனார்கள். அங்கே அவர்கள் செய்வது வாகனம் ஓட்டுவது, கடையில் நிற்பது, கட்டட வேலை. அந்த வேலைகளுக்கு நடுவே கவிதை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நமது கரையில் கவிதை எழுதாத வீடு குறைவு என்று கேலியாகச் சொல்வார்கள். அது முழுக்கக் கேலியும் இல்லை.

பீர் முகம்மது அப்பாவிடம் திரும்பி வருவோம். தென்காசிக்கு அவர் ஒருமுறையாவது திரும்பிப் போனாரா என்பதைக் கதைகள் பெரிதாகப் பேசுவதில்லை. தக்கலையிலேயே நெய்து, பாடி, சீடர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அங்கேயே அடங்கினார். அவர் நெய்த துணியில் ஒரு முழம்கூட இன்றைக்கு இல்லை. பருத்தி அவ்வளவு காலம் இருக்காது. பாடல்கள் மட்டும் முதலில் வாய்வழியாகவும் ஏடுகளிலும் இருந்து, பிறகு அச்சேறி, பல பதிப்புகள் கண்டு நமது நாட்டுக்கும் வந்தன. பீரப்பா பாடல் என்று சொல்லிப் பழைய வீடுகளில் ஒரு பிரதி வைத்திருந்த மூத்தவர்கள் கிழக்கில் உண்டு. அட்டை கழன்று, கறையான் தின்ற ஓரங்களோடு அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வைத்திருந்தவர் அதை உறையிட்டு குர்ஆனுக்குக் கீழ்த் தட்டில் வைத்திருந்தார். மேல் தட்டில் ஏன் வைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை, அவர் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார் என்பது தெரிந்தது.

தக்கலைக்கு நான் இன்னும் போனதில்லை. அந்த இரவின் காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தொப்பி போட்ட முதியவர்கள் முன்வரிசையில் இருக்க, அவர்களுக்குப் பின்னால் மீசை முளைக்காத பையன்கள் உதடு அசைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடுச்சாமம் தாண்டிய பிறகு ஒரு பையன் தூங்கி விழுகிறான். பக்கத்திலிருப்பவர் தோளால் இடித்து எழுப்புகிறார். அவன் திடுக்கிட்டு எழுந்து, எந்த அடியில் பாட்டு நிற்கிறது என்று ஒரு கணம் தடுமாறி, பிறகு பிடித்துக்கொள்கிறான். கிழக்கு வெளுக்கும்போது பாட்டு முடிகிறது. சுபஹுக்குப் பாங்கு சொல்கிறார்கள்.